ரங்கதுரையின் கூட்டல் கழித்தல்

ரங்கதுரை முப்பத்தொரு புள்ளிகள் எடுத்த மாலையில் அவன் உயரத்தில் ஒன்றரை அங்குலம் குறைந்தது. தோற்ற அணியின் ஆட்டக்காரன் என்ற வருத்தத்தையும் அதிகப் புள்ளி எடுத்தவன் என்ற மகிழ்ச்சியையும் வழக்கம்போல் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காமல் அருகில் நின்றவர்களுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவன், வாசல்நிலைக்குத் தலை குனிந்து நுழைந்தபோது, இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்துவிட்டோம் என்று மட்டும் நினைத்துக்கொண்டான். மறுநாள் அவனுடைய கால்சட்டை செருப்புக்கும் கீழே போய்த் தரையைப் பெருக்கியது. துணி நீண்டுவிட்டது என்றாள் அவன் மனைவி தமயந்தி. புதிதாக வாங்கிய சலவைத்தூள்தான் காரணம் என்று முடிவு செய்து, பழையதையே வாங்கிவரச் சொன்னாள்.

அந்த ஊரில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது, ஆனால் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளுக்கெல்லாம் பம்பு அங்கிருந்துதான் போனது. கீழே கிடப்பதை மேலே ஏற்றுவதைத் தவிர வேறெதிலும் நம்பிக்கையில்லாத ஊர் என்பதால், பந்தை மேலே எறிகிற ஆட்டமொன்று அங்கே வேர்விட்டதில் யாருக்கும் வியப்பில்லை. ஊரிலேயே பெரிய கம்பெனியான குமரகிரி பம்ப்ஸ், மாதச் சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை வைத்து ஒரு கூடைப்பந்து அணி நடத்தியது, தென்மண்டல லீக்கின் முதல் பிரிவில் அந்த அணி ஆடியது, அந்த அணியில் ஆறடி ஐந்தங்குல ரங்கதுரை எல்லாப் பந்தையும் எறிந்தான். எல்லாப் பந்தையும் என்றால் எல்லாப் பந்தையும்தான். மற்ற நால்வர் கையில் பந்து வந்தால் அவர்கள் அதைச் சூடான பாத்திரத்தைப்போல உடனே அவனிடம் கொடுத்துவிடுவார்கள், அவன் அதைத் திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை.

அடுத்த ஆட்டத்தில் அவன் இருபத்தெட்டு எடுத்தான், அணி தோற்றது, அவன் இன்னும் ஓர் அங்குலம் இறங்கினான். அதே ஆட்டத்தில் அருளப்பன் என்பவன் ஓர் அங்குலம் ஏறினான். அருளப்பன் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவன், முழங்கால்கள் பாதி ஆட்டத்துக்குமேல் தாங்காது என்பதால் பாதி ஆட்டம்தான் ஆடுவான், ரங்கதுரை எறிந்து தவறிய பந்துகள் எங்கே விழுமோ அங்கே போய் நின்று, விழுந்ததைப் பொறுக்கி வளையத்துக்குள் போட்டுவிட்டு, யாரும் கைதட்டுவதற்குள் திரும்பி ஓடிவிடுவான். அணிப் பேருந்தின் படியேறும்போது கதவின் மேல்சட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்ட அன்றுதான் அவன் வளர்ந்திருப்பதே மற்றவர்களுக்குத் தெரிந்தது. முப்பத்தாறு வயதில் வளர்கிறாயே என்று கேட்டதற்கு, அம்மா அனுப்பிய கருவாடு என்றான்.

காரணம் கருவாடும் அல்ல, சலவைத்தூளும் அல்ல என்று கண்டுபிடித்தவள் சுபத்ரா. பம்புகளின் தரத்தைப் புள்ளியியல் கொண்டு கணக்கிடும் பிரிவில் அவளுக்கு வேலை. இத்தனை பம்புகளின் குணத்தைக் கணக்குப் போடுகிறவள் பத்துப் பன்னிரண்டு ஆட்டக்காரர்களின் குணத்தையும் போடட்டுமே என்று அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் முதலாளி சொல்லியிருந்தார். அவள் கூட்டல் கழித்தல் என்றொரு கணக்கைக் கொண்டுவந்தாள். ஒருவன் களத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் நம் அணி எத்தனை எடுத்தது, எதிரணி எத்தனை எடுத்தது, வித்தியாசம் என்ன. அவன் கையால் எத்தனை விழுந்தது என்பது அதில் வராது. அவன் நின்றான், அவன் நின்றபோது இது நடந்தது, அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தில் பத்துக்கு ஓர் அங்குலம் என்று ஆட்டக்காரர்கள் ஏறியும் இறங்கியும் கொண்டிருப்பதை அவள் ஒரு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கவனித்தாள், இரண்டு முறை சரிபார்த்தாள், பிறகு மேலாளரிடம் சொன்னாள். மேலாளர் கேட்டுவிட்டு, இதை ஏன் போன மாதமே சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. மனிதன் எப்படி வளர்வான், எப்படிக் குறைவான் என்று யாரும் கேட்கவில்லை. இத்தனை நாள் யாரும் நமக்குச் சொல்லவில்லையே என்றுதான் கேட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகை தங்கம் விலைக்குக் கீழே ஆட்டக்காரர்களின் அன்றைய உயரத்தைப் போடத் தொடங்கியது. பேருந்து நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருந்த தையற்காரர் முதலில் ரங்கதுரையின் கால்சட்டைகளை வெட்டிச் சுருக்கினார், அருளப்பனுடையதைப் பிரித்து நீட்டினார், பிறகு இவனிடம் வெட்டியதை அவனுக்கு ஒட்டுவதே சிக்கனம் என்று கண்டுபிடித்தார், அதனால் அருளப்பன் அந்தப் பருவம் முழுவதும் கணுக்கால் பக்கம் ரங்கதுரையின் துணியோடுதான் நடமாடினான். மெதுவாக வளரும் குழந்தைகளை வைத்திருந்தவர்கள் ஞாயிறு காலைகளில் மைதானத்துக்கு வந்தார்கள், அருளப்பனைக் குழந்தைகளின் பக்கம் நிறுத்தி எதிரே நோஞ்சான் மாமாக்களை ஆடவிட்டார்கள், குழந்தைகள் இருபது முப்பது வித்தியாசத்தில் ஜெயித்து இரண்டு மூன்று அங்குல லாபத்தோடு வீடு திரும்பின. பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளைகள் அதற்கு முந்தைய நாள் வந்தார்கள். அவர்களை ஜெயிக்க வைப்பதுதான் சிரமம் என்று அருளப்பன் வருத்தப்பட்டான், கல்யாண வயதில் இருக்கிற ஒருவனுக்கும் ஓடத் தெரியவில்லை.

ரங்கதுரை நற்பணி மன்றத்துக்குத்தான் தர்மசங்கடம். கடைவீதி முனையில் அவர்கள் வைத்திருந்த மரக்கட்டவுட் அவன் அசல் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்தது. தலைவன் எப்படியோ அப்படித்தான் கட்டவுட்டும் இருக்க வேண்டும் என்று ஒரு கட்சியும், கட்டவுட் எப்படியோ அப்படித்தான் தலைவன் இருக்க வேண்டும் என்று இன்னொரு கட்சியும் சண்டை போட்டு, கடைசியில் முதல் கட்சி ஜெயித்து, ஒவ்வொரு தோல்விக்கும் மறுநாள் தச்சர் வந்து கீழ்ப்பக்கத்தை அறுத்தார். முதலில் காலணிகள் போயின, பிறகு கணுக்கால், பிறகு கெண்டைக்கால். ரங்கதுரை பைக்கில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம், பெரிய முகமும் பெரிய சிரிப்புமாகத் தான் தார்ச்சாலைக்குள் முழங்கால்வரை புதைந்துகொண்டிருப்பதைப் பார்த்தான். பைக்கும் அவனுக்குப் பிறகு எட்டவில்லை. தமயந்தியின் ஸ்கூட்டரை ஓட்டப் பழகினான்.

அணிக்குள் நடந்தது இன்னும் மோசம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்துபோனதால், எதிரணி நாலைந்து கூடை தொடர்ந்து போட்டுவிட்டால் போதும், களத்தில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராகத் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காரத் தொடங்கினார்கள், தசைப்பிடிப்பு என்றார்கள், கோச் மாற்று ஆளைப் பார்த்தால் அவனும் பெஞ்சிலேயே தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அருளப்பன் களமிறங்கும் நேரத்தில் மட்டும் எல்லாத் தொடைகளும் ஒரே சமயத்தில் குணமாயின. அவனோடு மாறி மாறி இறங்கத் தெரிந்துகொண்ட சாமர்த்தியசாலிகள் நாலு பேர் அப்படியே ஆளுக்கு மூன்று நாலு அங்குலம் வளர்ந்தார்கள், வளர்ந்ததைத் தங்கள் சொந்தத் திறமை என்று மனப்பூர்வமாக நம்பினார்கள், குட்டையாக இருந்த காலத்து நண்பர்களிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். தொடையைப் பிடிக்கத் தெரியாதவன் ரங்கதுரை ஒருவன்தான். களத்தைவிட்டு வெளியே போனால் பந்தை வேறு யாராவது எறிந்துவிடுவார்களே என்ற ஒரே கவலையில் அவன் ஆட்டம் முழுவதும் நின்றான், ஆட்டம் முழுவதற்குமான கழித்தலையும் வாங்கிக்கொண்டான்.

அவன் ஒருநாள் சுபத்ராவைப் பார்க்கப் போனான். முப்பது நான் எடுக்கிறேன், மற்றவர்கள் விடுகிற தொண்ணூறுக்கு என் கால்களை எதற்கு வெட்டுகிறாய் என்பதுதான் அவன் வழக்கு. சுபத்ரா பொறுமையாகச் சொன்னாள். நான் வெட்டவில்லை, எண்ணிக்கொண்டு மட்டும்தான் இருக்கிறேன். தவிர, ஒற்றை ஆளாக எண்ணுவதில் ஒரு தப்பு இருப்பதாக எனக்கே இப்போது தோன்றுகிறது, நீங்களும் அருளப்பனும் சேர்ந்து நிற்கிற நேரத்தில் அணி ஜெயிக்கிறது, அவர் உட்கார்ந்த பிறகு நீங்கள் எறிந்து தவறுவதை எடுக்க ஆளில்லாமல் எல்லாம் போய்விடுகிறது. ரங்கதுரைக்கு இதில் 'நீங்கள்', 'ஜெயிக்கிறது' என்ற இரண்டு சொற்கள்தான் காதில் ஏறின. பந்தை எறியாமல் மற்றவர்களுக்குக் கொடுத்தால் வளர்வேனா என்று கேட்டான்.

"நீங்க பாஸ் குடுத்ததே இல்லீங்களே," என்றாள் சுபத்ரா. "இல்லாத ஒண்ணை வெச்சு நான் எப்படிங்க கணக்குப் போடறது?"

கணக்குக்கு உதவியாக இருக்கட்டும் என்று அடுத்த ஆட்டத்தில் எல்லாப் பந்தையும் மற்றவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தான். அவனிடமிருந்து பந்து வரும் என்று பிறந்ததிலிருந்து எதிர்பார்த்திராத அவர்கள் மார்பிலும் முகவாயிலும் வாங்கினார்கள், ஒருவனுக்கு மூக்கில் ரத்தம் வந்தது, அன்றைக்கு மூன்றங்குலம் போயிற்று.

வீட்டில் மட்டும் நிலைமை அவ்வளவு கெட்டுப்போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் சட்டையின் இரண்டாவது பொத்தானோடுதான் தமயந்தி பேசிக்கொண்டிருந்தாள். குழம்பில் உப்பு சரியா என்று பொத்தானைக் கேட்பாள், மேலேயிருந்து எங்கோ பதில் வரும். இப்போது ஒரு காலையில் காபியைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தவளுக்கு முன்னால், நேராக, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு முழு முகம் இருந்தது. அவள் அதை நெடுநேரம் பார்த்தாள்.

"ஏனுங் மாமா, உங்க மூக்குக்குக் கீழ ஒரு மச்சம் இருக்குதுங்க," என்றாள். "இத்தனை வருசமா எனக்குத் தெரியாதுங்க."

அவன் கம்பீரமாக யோசித்துக்கொண்டிருப்பதாகத் தான் நினைத்திருந்த நேரங்களிலெல்லாம் அவன் உண்மையில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு முறைத்திருக்கிறான் என்பதும் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பரணிலிருந்து பாத்திரம் எடுக்க இனி ஆளில்லை என்பதற்காக ஒரு முக்காலி வாங்கினார்கள். அவள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பருவம் முடியும் நேரத்தில் குமரகிரி பம்ப்ஸ் பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது. ஒரே ஓர் ஆட்டம் பாக்கி, துறைமுக அணியோடு, உள்ளூரில். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். முதலாளி ஆட்டக்காரர்கள் எல்லோரையும் பம்பு சோதனைக் கூடத்துக்கு வரச்சொன்னார். ஒரு பம்பு தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிறது என்று அளப்பதற்காக அந்தக் கூடத்தின் சுவரில் அடியும் அங்குலமுமாகக் கோடு போட்டிருக்கும், ஏற்றத் தவறிய பம்பு உடைப்புக்குப் போகும், ஏற்றியதற்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகச் சுவரில் சாய்த்து நிறுத்தி அளந்தார்கள். பழக்கதோஷத்தில் ஸ்டிக்கரும் ஒட்டினார்கள். விற்பனைப் பிரிவு மேலாளர், ஆட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்திருந்தும், யாரும் பார்க்காத நேரத்தில் அதே சுவரில் சாய்ந்து பார்த்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரங்கதுரை ஐந்தடிக் கோட்டுக்கு மேலே ஒரு நகக்கண் அளவு நின்றான்.

முதலாளி இரண்டு முடிவுகளைச் சொன்னார். முதலாவது, கடைசி ஆட்டத்துக்குப் பிறகு இதே சுவரில் மறுபடி அளப்போம், ஐந்தடிக்குக் கீழே இருக்கிறவனுக்கு ஒப்பந்தம் கிடையாது. ஐந்தடிக்குக் கீழே ஆள் வைத்துக் கூடைப்பந்து அணி நடத்தினால் மற்ற கம்பெனிக்காரன் சிரிப்பான், அப்படிப்பட்டவனுக்குக் கிடங்கில் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலை தரப்படும். இரண்டாவது, அளந்ததில் உயரமான ஐந்து பேர்தான் கடைசி ஆட்டத்தில் இறங்குவார்கள். அருளப்பனும் அந்த நாலு சாமர்த்தியசாலிகளும். சுபத்ரா கையை உயர்த்தினாள். அந்த நாலு பேரும் வளர்ந்த நேரமெல்லாம் அருளப்பனும் கூட இருந்தார், ரங்கதுரையும் கூட இருந்தார், அந்த உயரம் அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தாள்.

"அம்மணி, நல்ல பம்பு எந்தக் கெணத்துல எறக்குனாலும் நல்ல பம்புதான்," என்றார் முதலாளி.

"எந்தக் கெணறுன்னு கேக்காம நாம பம்பு விக்கறதில்லீங்களே ஐயா," என்றாள் சுபத்ரா.

முதலாளி அதை யோசித்தார். யோசித்துவிட்டு, ஸ்டிக்கர் ஏற்கனவே ஒட்டியாகிவிட்டது என்றார்.

ஆக, ரங்கதுரைக்கு அந்த ஆட்டத்தில் பெஞ்சு. அவன் வாழ்க்கையில் முதல் முறையாகப் பெஞ்சு என்பது அவனுக்கு நல்லதாகவும் இருந்தது. உட்கார்ந்திருந்தால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை, அந்த நகக்கண் அப்படியே இருக்கும், இன்னும் ஒரு வருடத்துக்கு அவன் ஆட்டக்காரன். ஒரு புள்ளி கழிந்தாலும் லேபிள். தமயந்தி அன்று காலை நெற்றிக்கு நேராக நின்று, உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது என்றும், யாராவது கூப்பிட்டால் தொடையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லி, எந்தத் தொடை, எப்படிப் பிடிப்பது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் செய்தும் காட்டினாள்.

உயரமான ஐந்து பேரும் இறங்கியபோது ஊர் எழுந்து நின்றது. அப்படி ஒரு ஐந்து பேரை அந்த மைதானம் பார்த்ததில்லை, தோளில் பச்சை ஸ்டிக்கரோடு பனைமரங்கள்போல நின்றார்கள். பந்து அவர்கள் கைக்கு வந்தது. ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுத்தான், அவன் மூன்றாமவனுக்குக் கொடுத்தான், மூன்றாமவன் அருளப்பனுக்குக் கொடுத்தான், தவறிய பந்து எப்போது விழும் என்று வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அருளப்பன் கையில் பந்தே வந்துவிட்டதால் குழம்பி முதலாமவனிடமே கொடுத்தான். எறியலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எறிவது இன்னொருவர் வேலை என்று பருவம் முழுவதும் இருந்தவர்கள், எறிந்து தவறினால் யார் கணக்கில் போகும் என்று தெரியாதவர்கள், கல்யாணப் பந்தியில் கடைசி வடையை ஒருவருக்கொருவர் தள்ளிவிடுவதுபோல அவ்வளவு மரியாதையாகப் பந்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். இருபத்துநாலு விநாடிக்குள் எறியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். போயிற்று. மறுபடி வந்தது, மறுபடி மரியாதை, மறுபடி போயிற்று. நடுவர் ஊதி ஊதி அலுத்துப்போய் ஒரு கட்டத்தில் கையால் மட்டும் சைகை செய்தார். துறைமுக அணிக்காரர்கள் இப்படியொரு தற்காப்பைக் கண்டதில்லையாதலால் பயந்துபோய் அவர்களும் சரியாக ஆடவில்லை, அதனால்தான் மூன்றாவது கால்பகுதி முடிந்தபோது பத்து புள்ளி வித்தியாசத்தோடு நின்றது. ஐந்து பேரும் ஆளுக்கு ஓர் அங்குலம் இறங்கியிருந்தார்கள்.

கோச் பெஞ்சின் கோடிக்கு வந்து ரங்கதுரையின் முன் குந்தி உட்கார்ந்தார். கட்டாயப்படுத்தவில்லை, உன் நிலைமை எனக்குத் தெரியும், உன்னிஷ்டம் என்றார். ரங்கதுரையின் கை தொடைக்குத்தான் போயிற்று. தமயந்தி சொல்லிக்கொடுத்த இடத்தில் சரியாகப் போய் நின்றது. ஆனால் ஆட்டம் தொடங்கியதிலிருந்து அந்தக் கை வேறொரு வேதனையில் இருந்தது. கண்ணெதிரே ஒரு பந்து, கண்ணெதிரே ஒரு வளையம், நடுவில் அத்தனை ஆகாயம், ஒருவன்கூட எறியவில்லை. பசித்தவனை உட்காரவைத்து, சோற்றை எதிரே வைத்து, பார்த்துக்கொண்டு மட்டும் இரு என்று சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"யாராவது ஒருத்தனாச்சும் எறியோணுமல்ல," என்று சொல்லிக்கொண்டே எழுந்தான். மேலே பார்வையாளர் வரிசையில் தமயந்தி இரண்டு கைகளாலும் தன் தொடையைப் பிடித்துக்காட்டிக்கொண்டிருந்ததை அவன் பார்க்காததுபோல இருந்தான்.

நாலு சாமர்த்தியசாலிகளில் ஒருவன் வெளியே போக, முழங்கால்வரை தொங்கும் சட்டையோடு அவன் உள்ளே வந்தான். வந்ததும் எறிந்தான், தவறியது. எதிரணி போய் மூன்று போட்டது. மறுபடி எறிந்தான், தவறியது. எதிரணி இரண்டு போட்டது. பத்து, பதினைந்தாயிற்று. சட்டையின் ஓரம் முழங்காலுக்குக் கீழே இறங்குவதை அவனே உணர்ந்தான். இனி அவன் லேபிள்காரன் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

அப்போதுதான் துறைமுக அணியின் கோச் ஒரு காரியம் செய்தார். ரங்கதுரை களத்தில் இருந்தால் அவன்மேல் இரண்டு பேர் என்பது அவருடைய பலவருடப் பழக்கம். அவன் எந்த உயரத்தில் இருக்கிறான் என்று பார்த்து அதை மாற்றிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு ஆறரையடி ஆட்கள் வந்து ஐந்தடியின் இருபக்கமும் கைகளை விரித்து நின்றார்கள். அவன் மறைந்தே போனான். அந்த இரண்டு பேருக்கும் நடுவிலிருந்து, ஆழ்துளைக் குழாயிலிருந்து தண்ணீர் பீறிடுவதுபோலப் பந்து மட்டும் மேலே வந்தது, போயிற்று, வளையத்தின் வலப்பக்கத்தில் பட்டுத் தெறித்தது. அங்கே அருளப்பன் நின்றான். ரங்கதுரையின் பந்து எப்போதும் வலப்பக்கம்தான் தவறும், அது அருளப்பன் ஒருவனுக்குத்தான் தெரியும், தெரிந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை. அவனைத் தடுக்க ஆளில்லை, தடுக்க வேண்டிய ஆள் ரங்கதுரைமேல் கை விரித்துக்கொண்டிருந்தான். எடுத்தான், போட்டான். அடுத்த முறையும் பந்து பீறிட்டது, வலப்பக்கம் தெறித்தது, எடுத்தான், போட்டான். முழங்கால் இரண்டும் நெருப்பாக எரிந்தும் அவன் உட்காரவில்லை.

வித்தியாசம் மறுபடி பத்துக்கு வந்த இடத்தில் ஆட்டம் ஒரு நிமிடம் நின்றது, யாரோ காலணிக் கயிறு கட்டினார்கள். பத்து என்பது ரங்கதுரை உள்ளே வந்தபோது இருந்த கணக்கு. அந்த நகக்கண் திரும்பி வந்திருந்தது. இப்போது தொடையைப் பிடித்தால் போதும், சுவர் அவனை ஒன்றும் செய்யாது. ஊருக்கு அது புரிந்தது. நற்பணி மன்றத்தினர் ஒரே குரலில் தொடை, தொடை என்று கத்தினார்கள், முதலாளிகூடக் கத்தினார் என்று பிறகு சொன்னார்கள். ரங்கதுரை தொடைக்குக் கையைக் கொண்டுபோய், உள்ளங்கை வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பந்தைக் கேட்டான்.

அதற்குப் பிறகு அவன் எறிந்தது ஒன்றுகூட உள்ளே போகவில்லை. பத்து எட்டாயிற்று, ஐந்தாயிற்று, ஒன்றாயிற்று. கடைசிப் பந்தும் அவனிடம்தான் வந்தது. வேறு யாரிடம் வரும். இரண்டு மரங்களுக்கு நடுவிலிருந்து அவன் எறிந்தான், இதுவரை எறிந்ததில் மிகச் சிறந்தது இது என்று அவனுக்குக் கையிலேயே தெரிந்தது, அது வலப்பக்கம் தெறித்தது, அருளப்பன் எடுத்துப் போட்டான், மணி அடித்தது. அணி ஒரு புள்ளியில் ஜெயித்தது. ரங்கதுரை தன் பந்து விழுந்ததாகவே எண்ணி இரண்டு கைகளையும் உயர்த்தி நாலு பக்கமும் திரும்பிக் காட்டினான், ஊரும் அவனுக்கு ஏமாற்றம் தர மனமில்லாமல் கைதட்டியது.

சுவரில் அவன் ஐந்தடி ஓரங்குலத்துக்குச் சற்று மேலே நின்றான். கடைசிக் கால்பகுதியில் எடுத்த புள்ளி பூஜ்யம். முதலாளி அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டு, சுபத்ராவின் கணக்கைத் தான் முதலிலேயே புரிந்துகொண்டதாக எல்லோருக்கும் சொன்னார். இனிமேல் ரங்கதுரையும் அருளப்பனும் ஒன்றாகத்தான் இறங்குவார்கள், ஒன்றாகத்தான் உட்காருவார்கள், எறிவது ரங்கதுரை வேலை, விழவைப்பது அருளப்பன் வேலை, ரங்கதுரைக்கு ஒரே நிபந்தனை, வலப்பக்கம் தவற வேண்டும், அதற்குத்தான் சம்பளம்.

ரங்கதுரை இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்ப் பயிற்சியைத் தொடங்கினான். வேண்டுமென்றே தவறுவது, அதுவும் ஒரே இடத்தில் தவறுவது, அவன் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. ஊரில் அது ஒரு கலையாயிற்று. அடுத்த கோடையில் பயிற்சி முகாமுக்கு வந்த பிள்ளைகள் வலப்பக்கம் தவறக் கற்றுக்கொண்டார்கள், ஒழுங்காகத் தவறியவனுக்குப் பெற்றோர் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்கள், பந்து தவறிப்போய் உள்ளே விழுந்துவிட்டால் அந்தப் பிள்ளையின் அப்பா பக்கத்தில் இருந்தவர்களிடம், இவன் அம்மா வீட்டு வழியில் இப்படி உண்டு என்று சொன்னார்.

புதிய பருவத்தின் முதல் ஆட்டம். மைதானம் நிறைந்திருந்தது. எதிரணியின் இரண்டு பேர் ஓடிவந்து ரங்கதுரையை மறைத்தார்கள், அருளப்பன் முழங்கால்களில் பட்டி கட்டிக்கொண்டு வலப்பக்கம் போய்க் கைகளை ஏந்தி நின்றான், நடுவிலிருந்து பந்து மேலே கிளம்பியது. கிளம்பி, வளைந்து, வளையத்தில் எங்கும் படாமல், வலையை மட்டும் தொட்டுக்கொண்டு உள்ளே விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நற்பணி மன்றத்தினர் தரையைப் பார்த்தார்கள். அருளப்பன் ஏந்திய கைகளை இறக்காமல், ஏமாந்த முகத்தோடு திரும்பினான்.

"ஏ துரை, என்னல இது?"

"தெரியாம உள்ள போயிருச்சு," என்றான் ரங்கதுரை. முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டு தன் பக்கத்துக்கு ஓடினான். அந்த உயரத்தில் அது வசதியாகவே இருந்தது.